முப்பிடாதி விட்ட வள்ளம்

அந்த வருஷம் ஆடி மாதத்தில், குற்றாலத்தில் சாரல் வேண்டாம் என்று சாமி கும்பிட்ட ஒரே ஆள் முப்பிடாதிதான். ஊரே மலையை அண்ணாந்து பார்த்து மேகத்துக்குத் தவம் கிடந்தபோது, இவன் மட்டும் குற்றாலநாதர் சந்நிதியில் நின்று, "ஒரு வாரத்துக்கு மழைய நிப்பாட்டி வையும் சாமி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

எல்லாம் வாய்க்கொழுப்பு. ஆலப்புழைப் படகுத்துறையில் ஒரு சாயாக்கடையில் கிளாஸ் கழுவிய பயல், இலஞ்சிச் சுந்தரபாண்டியன் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "அங்கன வள்ளம் விட்டேன் மாமா. நம்ம கை பட்டா வள்ளம் நாய்க்குட்டி மாதிரி சொன்னபடி கேக்கும்" என்று அளந்துவிட்டான். கதவுக்குப் பின்னால் நின்ற உலகம்மை களுக்கென்று சிரித்தது காதில் விழுந்தது. அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க வேண்டுமே என்று மேலும் சில பொய்களை அவிழ்த்துவிட்டான்.

சுந்தரபாண்டியனுக்கு வயல் உண்டு, மாடு உண்டு. பங்காளிகளிடம் பீற்றிக்கொள்ளத்தான் புதுசாக ஒன்றும் இல்லை. மறுமாதமே கொல்லத்திலிருந்து ஒரு சின்ன வள்ளத்தை ரயிலேற்றி, செங்கோட்டையில் இறக்கி, மாட்டுவண்டியில் குற்றாலத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"மாப்பிள, அருவிக்குக் கீழேருந்து இலஞ்சித் துறை வரைக்கும் விட்டுக்காட்டும். வந்து சேந்துட்டா அங்கனயே தாம்பூலம் மாத்திருவோம். சேரலன்னா நீரு சொன்னது பூராவும் பொய்யின்னு ஆயிரும். பொய்யனுக்கு நான் பொண்ணு குடுக்க மாட்டேன், பாத்துக்கிடும்."

சிற்றாற்றில் அருவியிலிருந்து இலஞ்சி வரைக்கும் அணையும் கிடையாது, மதகும் கிடையாது. மலையில் பெய்தால் ஓட்டம், பெய்யாவிட்டால் வெறும் பாறை. பாறையாகவே கிடந்தால் பிழைத்தோம் என்று முப்பிடாதி நம்பியிருந்தான். குற்றாலநாதர் காது கொடுக்கவில்லை. முந்தின நாள் மலையில் கொட்டித் தீர்த்தது. ஆறு பாறைக்குப் பாறை நுரைத்துக்கொண்டு ஓடியது. ஆளை அடித்துக்கொண்டு போகிற பெருவெள்ளம் இல்லை, மானத்தை வாங்கத் தாராளமாகப் போதும்.

கரை நெடுக பங்காளிகள் கூட்டம். வள்ளத்தில் கால் வைக்கப் போனவனைச் சுந்தரபாண்டியன் மறித்தார்.

"சீசன் தண்ணியில எண்ணெ தேய்க்காம தலைய நனைக்கலாமா? நாளைக்கு உமக்குச் சளி பிடிச்சா ஊரு என்னையல்லா ஏசும்?"

அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற பிச்சைமணி கிண்ணத்தோடு வந்தார். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெயில் ஊறப்போட்டார். மாப்பிள்ளை ஆயிற்றே என்று உள்ளங்கையிலும் கூடுதலாக ஊற்றி அழுத்தித் தேய்த்தார்.

தள்ளிவிட்டார்கள். முதல் பாறையிடுக்கிலேயே துடுப்பு கையை விட்டு வழுக்கிக்கொண்டு தனியாக இலஞ்சிக்குப் புறப்பட்டது. வள்ளம் அரைவட்டம் அடித்து, பின்பக்கம் முன்னாக, இடுக்கைத் தாண்டிக் குதித்தது. கரையில் ஒரே கைதட்டல்.

"பாத்தியளா, துடுப்பே இல்லாம விடுதாரு எங்க மாப்பிள. அதுவும் பின்பக்கமா" என்று சுந்தரபாண்டியன் கரையோடு ஓடினார். முப்பிடாதி பலகையை இறுக்கிப் பிடித்தபடி சிரிக்கப் பார்த்தான். பல் மட்டும்தான் தெரிந்தது.

இலஞ்சித் துறை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வள்ளம் ஒரு பாறைமேல் ஏறிச் சரிந்து ஆளைக் கொட்டியது. பங்காளிகள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். ஒருவர் கையைப் பிடித்தார், வழுக்கியது. அடுத்தவர் மறுகையைப் பிடித்தார், அதுவும் வழுக்கியது. "புடிலே, விட்றாதலே" என்று கத்திக்கொண்டே ஒவ்வொருவராகப் பிடித்து ஒவ்வொருவராக விட்டார்கள். தண்ணீரைக் குடித்தபடி உருண்ட முப்பிடாதிக்கு உயிர் பெரிதாகத் தெரியவில்லை. உலகம்மை கைவிட்டுப் போகிறாளே என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது.

உலகம்மை அந்தத் துறையில்தான் அம்மாவோடு தலை தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தாள். உருண்டு வந்த தலையைப் பார்த்தாள். சீயக்காய்த் தூள் அப்பிய கையால் குடுமியைச் சுருட்டிப் பிடித்து, ஒரே இழுப்பில் படியில் போட்டாள்.

மூச்சு வந்ததும் முப்பிடாதி உள்ளதைச் சொல்லிவிட்டான். "நான் வள்ளம் விட்டதே இல்ல மாமா. சாயாக் கிளாஸ்தான் கழுவினேன்."

பங்காளிகள் சிரித்தார்கள். சுந்தரபாண்டியனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "இந்தச் சம்பந்தமே வேண்டாம். ஏட்டி, வீட்டுக்கு நட."

உலகம்மை நகரவில்லை. குடுமியையும் விடவில்லை.

"ஊரு பாக்கப் புடிச்சாச்சு அய்யா. இனிம என்னய வேற எவன் கெட்டுவான்?"

"கல்யாணத்துல கையத்தான்ட்டி புடிக்கணும்? நீ புடிச்சது குடுமியல்லா?"

"கையப் புடிச்ச இத்தன பேரும் விட்டுட்டியள்லா" என்றாள் உலகம்மை.