மெர்சி நம்பிய பிணங்கள்

செத்த பிணங்கள் எழுந்து வந்து மனுஷனைக் கடிக்கிற நாடகத்தை ஒன்பது சீசன் பார்ப்பதற்கு உலகத்திலேயே எங்கள் மெர்சி ஒருத்திதான் இருப்பாள் என்று நினைத்திருந்தேன். கம்பெனி பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் பாதி சீட்டில் அதே உறுமல். விடியக்காலை ஆறு மணிக்கு, சாமி பாட்டு கேட்க வேண்டிய நேரத்தில்!

"இன்னாடி கதை இது? ஓடறானுங்க, ஒளியறானுங்க, சண்டை போடறானுங்க, எவனோ ஒருத்தன் கடிபடறான். மறுபடியும் ஓடறானுங்க. ஒன்பது சீசனா இதே பொழப்பா?"

"அடுத்து யாரு காலின்னு தெரியாதுல்லக்கா, அதான் கிக்கு" என்றாள் மெர்சி.

அடிப்பாவி, அதைப் பார்க்க போன் எதற்கு? இருங்காட்டுக்கோட்டையில் காருக்கு வயர் கட்டும் எங்கள் கம்பெனியில் மாசக் கடைசியில் நோட்டீஸ் போர்டைப் பார்த்தாலே போதுமே. மெர்சி ட்ரெய்னி. இரண்டு வருஷம் முடியப் போகிறது. நீட்டிப்பு லிஸ்டில் பேர் வந்தால் வேலை. வராவிட்டால் பிள்ளைப்பாக்கத்தில் அவள் சம்பளத்தை நம்பியிருக்கிற வீட்டுக்கு வெறுங்கையோடு போக வேண்டியதுதான்.

பேர் எழுதிக் கொடுப்பது எங்கள் லைன் லீடர் கங்கா மேடம். அந்தம்மாவுக்கும் இந்தப் பிணப் பைத்தியம். ஆனால் சொந்தமாகச் சந்தா கட்ட மனசு வராது. மெர்சியின் கணக்கைத் தன் போனில் போட்டுக்கொண்டு, டீ பிரேக்கில் பார்க்கும். மெர்சி பக்கத்தில் நின்று போண்டா வாங்கித் தருவாள்.

"மேடத்துக்கு இன்னும் நாலு சீசன் பாக்கி கீதுக்கா. அத்த முடிக்கிற வரிக்கும் என்ன அனுப்புவாங்களா?"

ஊரில் அவனவன் கோயிலை நம்புவான், மாதாவை நம்புவான், எம்.எல்.ஏ.வை நம்புவான். இவள் பிணங்களை நம்பினாள். அந்த நாடகத்துக்குப் புதிதாக ஒரு கிளைக்கதை வரப்போகிறது என்று சேதி வந்த அன்று லைன் முழுக்கச் சாக்லேட் கொடுத்தாள். தனக்கு இன்னொரு வருஷம் உறுதியாம்.

லிஸ்ட் ஒட்டினார்கள். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே மூன்று தரம் படித்தேன். மெர்சி பேர் இல்லை. அவள் அழவில்லை. கேட்டில் நம்பர் போட்ட கழுத்து அட்டையைக் கழற்றி செக்யூரிட்டியிடம் கொடுத்தாள்.

அப்போதுதான் பின்னால் கங்கா மேடம் மூச்சிரைக்க ஓடி வந்தது. "ஏ மெர்சி! நில்லு, நில்லு!"

மெர்சியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்படியே மலர்ந்துவிட்டது. பொய் சொல்லவில்லை, எனக்கும் ஆசை வந்துவிட்டது.

"லாகவுட் ஆயிடிச்சுடி. நல்ல இடத்துல நின்னுகினு கீது. பாஸ்வேர்டு இன்னா?"



"என் எம்ப்ளாயி நம்பர்தான் மேடம்."

கங்கா மேடம் போனில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தது. இரண்டு வருஷமாகத் தினமும் காலையில் வருகைப் பதிவில் அந்த நம்பருக்கு நேரே டிக் போட்ட கை அது.

"அது இன்னா நம்பரு?"

மெர்சி பழக்கத்தில் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு மனப்பாடமாக, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள்.