எமவாசலில் கூப்பிட்ட பெயர்

எல்கடுவைக்கு மேலே இரண்டு கரும்பாறைகள் தோளோடு தோள் நெருங்கி நிற்கும் இடுக்குக்கு எமவாசல் என்று பெயர். உள்ளே வெயில் விழாது. ஒரு சொல் சொன்னால் பாறை அதை நாலு முறை திருப்பிச் சொல்லும். அதனால் அங்கே யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்ட பேர் எமன் காதில் விழுமாம். விழுந்தால் அந்த ஆள் வருஷம் தாண்டாதாம். முருகனைக் கும்பிடுகிறவர்களும் மாதாவைக் கும்பிடுகிறவர்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே மதம்.

எண்பத்தொன்பதாம் ஆண்டுக் கலவரத்தில் மலை ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மார்ஜரியின் ஒரே மகள் அருள்மணிக்குப் பிரசவ வலி கண்டது. தோட்டத்து மருந்துச்சாலை டிஸ்பென்சர் வந்து பார்த்துவிட்டு முகம் மாறினார்.

"புள்ள குறுக்கால கெடக்கு. மாத்தளை பெரியாஸ்பத்திரிக்குப் போயே ஆகணும். லொறி மரத்துக்கு அந்தப் பக்கம், கீழ் ரோட்டுல நிக்குது. பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே போங்க. மயங்க விட்டா ரெண்டு உசிரும் தங்காது."

கீழ் ரோட்டுக்குக் குறுக்குவழி எமவாசல் ஒன்றுதான்.

கம்பளியை மூங்கிலில் தொட்டிலாகக் கட்டி, முன்னால் மருமகன் ரபாயேலும் பின்னால் பக்கத்து வீட்டு அந்தோனிமுத்துவும் தூக்கினார்கள். "அருள்மணி, அருள்மணி" என்று மார்ஜரி கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். மகளும் "ம்" கொட்டிக்கொண்டு வந்தாள். பாறைக்குள் கால் வைத்ததும் மார்ஜரிக்கு அந்தப் பேர் வாயில் வரவில்லை.

"கண்ணு... அடியே... ஏ புள்ள..."

அருள்மணியின் தலை சாய்ந்தது.

"அத்த, பேரைச் சொல்லுங்க!"

"நீதான் சொல்லேன்டா!"

ரபாயேல் வாயைத் திறந்தான், மூடினான். அவனுக்கும் அவள் ஒருத்திதானே!

பாறையோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஸைனம்பு இறங்கி வந்தாள். புருஷன் மௌத்தான பிறகு அங்கேயே குடிசை போட்டுத் தனியாக இருப்பவள்.

"என்னத்துக்கு நிக்கிறீங்க?"

அந்தோனிமுத்து விஷயத்தைச் சொன்னான். ஸைனம்பு பெண்ணின் வெளிறிய முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, "ஸைனம்பூ!" என்று தன் பேரையே கத்தினாள். பாறை நாலு முறை சொன்னது. மறுபடியும் கத்தினாள்.

"உசிரு அல்லாஹ்ட கையில. பாறைக்கு என்ன தெரியும்? அப்பிடியும் பயமா இருந்தா, என்ட பேருதானே முன்னுக்குப் போயிருக்கு. உங்கட எமன் வந்தா என்னைக் கூட்டிட்டுப் போகட்டும். நீங்க மகளக் கூப்பிடுங்க, அக்கா!"

அந்தோனிமுத்துவுக்கு வெட்கமாகிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்தோனிமுத்து!" என்று கத்தினான். "எம் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்றான்.

அதற்குமேல் மார்ஜரிக்குத் தாங்கவில்லை. "அருள்மணீ!"

ரபாயேலும் கூப்பிட்டான். பாறை முழுவதும் அவர்களோடு சேர்ந்து கூப்பிட்டது. மூன்றாம் முறை இமை அசைந்தது.

"காது வலிக்குதும்மா" என்றாள் அருள்மணி.

லொறியில் ஏறியபோதுதான் நன்றி சொல்லவில்லை என்று மார்ஜரிக்கு நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தாள். ஸைனம்பு ஆடுகளைத் தேடிப் போய்விட்டிருந்தாள்.

பின்னேரம் நாலு மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் மிஸ்ஸி வந்து சொன்னாள். வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்களாம், பெண் குழந்தை, தாயும் சுகம். முழந்தாளில் நின்ற மார்ஜரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. எமன் கதையெல்லாம் பொய்யென்று பங்குச் சாமியார் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். பொய்யாகவே இருக்கட்டும். அந்த மனுஷி அதை மெய்யென்று நினைத்தவர்களுக்காக அல்லவா தன் பேரைக் கொடுத்தாள்?

"என்னம்மா, பேத்தியப் பாக்க வரலியா?"

"வர்றேன் மிஸ்ஸி. இன்னொருத்தருக்கு நல்ல ஆயுசு கேக்க வேண்டியிருக்கு. பாதியில எந்திரிக்கக் கூடாது."