கச்சா எண்ணெய் குறைந்த நாள்

காலை ஐந்தே முக்காலுக்கு எபின் நிலத்தடித் தொட்டியின் மூடியைத் திறந்தான். அளவுக் கம்பியின் நுனியில் பசை தடவி உள்ளே இறக்கினான். பசை நிறம் மாறவில்லை, தண்ணீர் கலக்கவில்லை. ஜாடியில் பெட்ரோல் பிடித்து அடர்த்தி பார்த்து எழுதினான். ஆறு மணிக்கு அன்றைய விலை வந்தது. பல மாதமாக அதே விலைதான்.

குழித்துறையில் அந்தப் பெட்ரோல் பங்குக்கு அவன் மேலாளர். வேதியியல் படித்தவன். மனைவி ஷிஜி இறந்து வருகிற வியாழனோடு ஒரு வருடம்.

ஆறேகாலுக்கு மாமனார் சத்தியநேசன் வந்தார். பெட்ரோல் போட அல்ல. கல்லறைக் கல்லில் வெட்ட வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். பெயர், இரண்டு தேதிகள், அதன் கீழே அவளுடைய கடைசி வார்த்தை: ‘இயேசுவே, என்னை ஏற்றுக்கொள்ளும்.’ ஒன்பது மணிக்குக் கல் வெட்டுகிறவரிடம் கொடுத்தாக வேண்டும்.

அது எபின் சொன்னதுதான். அடக்கத்தன்று வந்தவர்களெல்லாம் அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்றே விசாரித்தார்கள். மாமியார் பூங்கனியும் கையைப் பிடித்துக் கேட்டபோது, சபையில் வழக்கமாகச் சொல்கிற ஒன்றைச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து ஒவ்வொரு ஜெபக்கூட்டத்திலும் அவர் அதைச் சாட்சியாகச் சொல்லி வருகிறார்.

சத்தியநேசன் தாளை நீட்டவில்லை. குடும்ப ஜெபத்தில் ஷிஜி ஒருநாளும் கண்ணை மூடியதில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“மக்கா, அவளுக்க அம்ம இந்த ஒரு வார்த்தையிலதான் எழும்பி நடக்கா. கல்லுல இது கெடக்கட்டும். எனக்கு மட்டும் உள்ளதச் சொல்லு.”

எபினுக்கு மறைக்கவும் தெம்பில்லை. சொன்னான்.

அவள் பிழைக்காமல் போன அந்த ஆபரேஷனுக்காகக் காத்திருந்தபோது தொலைக்காட்சியில் கச்சா எண்ணெய் விலை சரிந்துவிட்டதாகச் சொன்னார்கள். உங்கள் பங்கில் ஏன் குறையவில்லை என்று ஷிஜி கேட்டாள். படுக்கை வண்டியின் பக்கத்தில் நின்று அவன் விளக்கினான். இன்று விற்பது முன்பே வாங்கிய எண்ணெய். கப்பலில் வந்து, சுத்திகரிப்பு ஆலையில் பிரிந்து, லாரியில் ஏறி வர நாளாகும். டாலர் ஏறியிருக்கிறது. கம்பெனிகள் பழைய நஷ்டத்தை ஈடுகட்டும். இரண்டு அரசுகளின் வரி வேறு.

அதற்குள் வண்டியைத் தள்ளத் தொடங்கிவிட்டார்கள். கதவருகில் அவள் தலையைத் திருப்பினாள்.

“கொறையணும்னா கப்பல் வரணும், டாலர் பாக்கணும். கூடணும்னா மட்டும் ஒரு ராத்திரி போதும், இல்லியா அத்தான்?”