ஐந்தாவது உண்ணி

அக்கா தொலைபேசியில் கத்திய கத்தலில், சோதனைக்கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏண்டி, கூடப் பிறந்த நீயே என் ஆட்டுக்கு எமனா வந்தியேடி! வெள்ளிக்கிழமை நாப்பதும் குழிக்குள்ளயாம்!"

தங்கைக்காரிக்கு அந்தச் சோதனைக்கூடத்தில்தான் வேலை. மேய்ச்சல் வெளிப் பக்கம் மூன்று பேர் கடும் காய்ச்சலில் கிடந்தார்கள். உண்ணி கடித்துப் பரவும் பாக்டீரியா. அக்காவின் ஆடுகளில் பிடித்த உண்ணிகளில் அது இருப்பதாக எழுதிக் கொடுத்தவளே இவள்தான்.

குறிப்பேட்டைப் புரட்டினாள். அங்கே ஒரு பழக்கம்: ஐந்து உண்ணிகளைச் சேர்த்து அரைத்து ஒரே குழாயில் போடுவார்கள். ஒன்று குறைந்தாலும் சோதனைக்கூட இயக்குநர் வள்ளென்று விழுவார். அன்று ஆட்டு உண்ணி நாலுதான் இருந்தது. அவசரத்தில், இயக்குநரின் நாயிடமிருந்து எடுத்த ஒன்றை ஐந்தாவதாகப் போட்டுத் தொலைத்திருந்தாள். அடிப் பாவி! பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

நல்லவேளை, அரைக்கும் முன் ஒவ்வொரு உண்ணியையும் இரண்டாக வெட்டி, ஒரு பாதியை உறைபெட்டியில் வைப்பார்கள். அந்த ஐந்து பாதிகளிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து மூன்று நாள் தனித்தனியாகச் சோதித்தாள். மரபணுவை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டாள். ஆட்டு உண்ணிகளில் இருந்தது அதே குலத்துக் கிருமிதான், ஆனால் வேறு வகை. காய்ச்சல்காரர்களின் இரத்தத்தில் இல்லாத வகை. ஐந்தாவதில் இருந்ததோ அந்த மூவரின் கிருமியோடு அச்சுப் பிசகாமல் பொருந்தியது. அதுவரை மலைக்கு அப்பால் மட்டுமே கண்ட வகை அது. போன மாதம் நாயோடு மலை தாண்டி விடுமுறைக்குப் போய்வந்தவர் இயக்குநர். திரும்பியதிலிருந்து நாயை மேய்ச்சல் வெளியில்தான் அவிழ்த்துவிடுகிறார்.

வியாழக்கிழமை அவர் மேசையில் தாளை வைத்தாள்.

"உன் அக்கா ஆடு. நீ சொன்னா யாரு நம்புவா?" என்றார் அவர்.

"நம்ப வேணாம் சார். அஞ்சு பாதியிலயும் மிச்சம் இருக்கு. நம்பர் மட்டும் போட்டு வேற லேபுக்கு அனுப்புங்க. எது ஆடு, எது நாய்னு அவங்களுக்குச் சொல்லாதீங்க."

"குழாய்ல கலந்தேன்னு நீயே எழுதிக் குடுத்தா வேலை போயிடும்மா. பேசாம இரு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார்! அவளுக்குக் காது மடல் வரை சுட்டது.

"நாப்பது உசுரைப் புதைச்சுக் காப்பாத்துற வேலை எனக்கு எதுக்கு சார்?"

தாளை எடுத்துக்கொண்டு நேரே கால்நடை அதிகாரியிடம் போனாள். தவறு செய்தது யார் என்று அவர் கேட்டதும், "நான்தான்" என்று கையெழுத்துப் போட்டாள். ஆடுகளைக் கொல்லும் உத்தரவு ரத்தானது. சாயங்காலமே அவளுக்கு வேலைநீக்கக் கடிதமும் வந்தது.

"ஆடு?" என்றுதான் தொலைபேசியில் அக்கா முதலில் கேட்டாள்.

"நாப்பதும் உனக்குத்தான். உண்ணி மருந்து அடிச்சா போதும்."

"உன் வேலை?"

"போச்சு."

"என்னாலதானேடி..." என்று அக்கா அழத் தொடங்கினாள்.

"உன்னால ஒண்ணும் இல்ல. தப்பு பண்ணது நான், தண்டனை எனக்கு வந்திருக்கு. அது உன் ஆட்டுக்குப் போயிருந்தாதான் நான் தலை குனிஞ்சிருப்பேன். அழுகையை நிறுத்திட்டு ஆட்டைப் பிடிச்சுக் கட்டு, நான் மருந்தோட வரேன்."