ஏசியில் வாழ்ந்த கல்

ஃப்ரீசர் பெட்டிக்குப் பெரிய பிளக் பாயிண்ட் வேண்டும் என்றார்கள். முனிரத்தினம் படப்பையில் கட்டிய வீட்டில் அப்படி ஒன்றுதான் இருந்தது. அதில் கல்லுக்கான ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பாஞ்சாலி அதைப் பிடுங்கிவிட்டுச் செத்த புருஷனைக் குளிரில் வைத்தாள்.

ஒரகடத்தில் நெல் நிலத்தைக் கம்பெனிக்கு விற்ற கையோடு முனிரத்தினம் படிகச் சேகரிப்பாளராகிவிட்டார். கண்ணாடி அலமாரி நிறைய குவார்ட்ஸ், புளோரைட். நடுநாயகமாகப் போலந்து ‘ஹாலைட்’, கண்ணாடிக் கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்தது போல. ஈரக்காற்று பட்டால் கரைந்துவிடுமாம். அதனால் கல்லுக்கு ராப்பகலாக ஏசி. பாஞ்சாலிக்கு ஹாலில் கிறீச்சிடும் ஃபேன்.

அது வந்த அன்று படிகச் சேகரிப்பாளர் சங்கத்தார் வீட்டில் கூடியிருந்தார்கள். காபி கொண்டுபோன பாஞ்சாலி விரலால் தொட்டு நாக்கில் வைத்து, “உப்பு தானேங்க?” என்றாள்.

ஹாலைட் உப்புதான். அதனால்தான் முனிரத்தினம் அறைந்தார், அத்தனை பேர் முன்னால்.

“பட்டிக்காடு! ஸ்பெசிமனை நக்குது பாரு!”

சங்கத் தலைவர் வனமாமலை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கன்னம் மறுநாளே ஆறிவிட்டது.

அந்த வனமாமலைதான் இப்போது மாலையோடும், பஞ்சு வைத்த காலிப் பெட்டியோடும் வந்திருந்தார். சங்கத்தில் ஐந்து பேர். ஐவருக்கும் பதவி உண்டு.

“அம்மா, அந்த ஹாலைட்டை மியூசியத்துல வெச்சுடலாம். கீழ பித்தளையில சார் பேரு. அதான் அவரோட கடைசி ஆசை.”

“தெரியும். என்னாண்டயும் சொல்லிக்கினேதான் இருந்தாரு.”

வாசலிலிருந்து தம்பி கன்னியப்பன் கத்தினான். “யக்கா! குழி வெட்டியாச்சு. உள்ள போட உப்பு வாங்க மறந்துட்டானுங்க. மாமா பெரிய மனுசன்னு கடைங்கள வேற சாத்திட்டானுங்க. வூட்ல உப்பு கீதா?”

“கீது. இரு.”

படிகம் அதற்குள் வேர்த்திருந்தது. இடிகல் சத்தம் கேட்டு வனமாமலை சமையலறைக்கு ஓடிவந்தபோது பாதி தூளாகியிருந்தது.

“ஐயோ! என்னம்மா பண்றீங்க? போலந்து ஹாலைட்மா அது!”

பாஞ்சாலி உலக்கையை நிறுத்தாமல் நிமிர்ந்தாள்.

“உப்பு தானேங்க?”

வனமாமலை ஹாலுக்குத் திரும்பிப் பஞ்சுப் பெட்டியை மூடினார்.

மிச்சத்தையும் இடித்து டிபன் டப்பாவில் அள்ளித் தம்பியிடம் நீட்டினாள். “மூஞ்சி மேலயும் நல்லா போடுடா.”

பறைச் சத்தம் தெருமுனையில் திரும்பியது. வீடு கழுவி முடித்ததும், அடுப்படியில் வாய்வரை நிறைந்திருந்த கல்லுப்பு ஜாடியைத் தூக்கி வந்தாள். அலமாரியின் நடுவில், ‘தொடாதீர்கள்’ என்ற அட்டைக்குப் பின்னால் அதை வைத்தாள். பிறகு கீழே பாயை விரித்து, ஏசியைப் போட்டாள்.