தையல் கடைக்குள் போன சாலை

நகராட்சி அலுவலகத்தின் மாடியில், பழைய பதிவேடுகள் இருக்கும் அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே இன்னோர் அறை உண்டு. அதில் இரண்டு கணினி, ஒரு பெரிய பிரிண்டர், ஒரு பெண். எந்தத் தெரு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, எந்தக் குழாய் எதற்கடியில் ஓடுகிறது என்பதையெல்லாம் வரைபடத்தில் ஏற்றி வைப்பது அவள் வேலை. அலுவலகத்தில் எல்லாரும் அவளை மேப் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயருக்கு வேலை இருந்ததில்லை.

அவள் பயன்படுத்திய வரைபட மென்பொருள் யாருக்கும் சொந்தமில்லாதது. அதனாலேயே எல்லாருக்கும் சொந்தமானது. உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் ஆட்கள் கூலி வாங்காமல் சேர்ந்து எழுதுவது. புதுப் பதிப்பு வருவதற்கு முன்னால் 'ரிலீஸ் கேண்டிடேட்' என்று ஒன்றை வெளியே விடுவார்கள். கிட்டத்தட்டத் தயார், போட்டுப் பாருங்கள், எங்கே கிழிகிறது என்று சொல்லுங்கள் என்று அர்த்தம். கிழிசல் தேடுவதில் மேப் மேடத்துக்கு அப்படியோர் ஆசை. அதுவரை நாற்பத்தொரு பிழைகளைக் கண்டுபிடித்து எழுதி அனுப்பியிருந்தாள். முப்பத்தெட்டை ஒப்புக்கொண்டு சரிசெய்தார்கள். மீதி மூன்றைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் அவளுக்கு முகம் சிவக்கும்.

வீட்டில் இதைப் புரிந்துகொண்டவர் யாருமில்லை. புரியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னவர் அவளுடைய நாத்தனார் மட்டும்தான். கணவனுக்கு அக்கா. ஊரின் நடுவே ஒரு தெரு முழங்கை மாதிரி மடங்கும் இடத்தில், மடிப்பின் உட்பக்கம், தையல் கடை வைத்திருந்தார். முன்கதவு தெருவின் ஒரு பாதியைப் பார்க்கும், பின்கதவு மறுபாதியைப் பார்க்கும்.

"சம்பளமும் இல்ல, ஒரு நல்ல வார்த்தையும் இல்ல. ஊரான் வீட்டு ஓட்டைய நீ ஏம்மா தேடிக்கிட்டு அலையற?"

"ஓட்டை இருந்தா யாராவது சொல்லணும்ல, அண்ணி."

"சொல்லு. என் தம்பி சட்டையில மூணாவது பட்டன் இல்ல. அதுவும் ஓட்டைதான்."

அந்தத் திங்கட்கிழமை புதுப் பதிப்பின் மாதிரி வந்தது. மேப் மேடம் அதை இரண்டாவது கணினியில் ஏற்றினாள். கோணல்மாணலாக வரைந்த கோடுகளை நேர்த்தி செய்ய அதில் புதிதாக ஒரு கருவி சேர்த்திருந்தார்கள். சோதிப்பதற்குப் பொய்யான ஒரு தெருவை வரைந்திருக்கலாம். ஆனால் நிஜத் தெருவில் ஓட்டிப் பார்ப்பதில் இருக்கிற ருசி பொய்த் தெருவில் வருமா? பத்து என்று அளவு கொடுத்து ஊரின் தெருக்கள் முழுவதன் மேலும் கருவியை ஓட்டினாள். எல்லாத் தெருவும் சொன்னபடி கேட்டது. ஒன்றே ஒன்று மட்டும் முழங்கையை நீட்டிக்கொண்டு நேராகப் படுத்துவிட்டது. பெரிதாக்கிப் பார்த்தாள். கோடு நாத்தனாரின் தையல் கடைக்குள் முன்கதவு வழியாகப் புகுந்து பின்கதவு வழியாக வெளியேறியது.

அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. நாற்பத்திரண்டு!

சோதனைப் பட்டியலில் அடுத்தது, 'அச்சிட்டுப் பாருங்கள்'. பெரிய தாளில், மேலே சிவப்பு எழுத்தில் 'சோதனைக்கு மட்டும்' என்று போட்டு அச்சுக்கு அனுப்பினாள். அந்த நேரம் பார்த்துக் கணவன் போனில் கூப்பிட்டான். பேச வெளியே போனாள். பிரிண்டர் படத்தைத் துப்பியது. சிவப்பு எழுத்தைத் துப்பவில்லை. அது நாற்பத்து மூன்றாவது பிழை. ஆனால் அதைக் கவனிக்க அங்கே ஆளில்லை. அவள் திரும்பி வந்தபோது தாளும் இல்லை. பக்கத்து அறைக்காரர்கள் எதையோ பொட்டலம் கட்ட எடுத்துப் போயிருப்பார்கள் என்று நினைத்து, பிழையை எழுதி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நாத்தனாரிடமிருந்து போன் வந்தது.

"உங்க ஆபீஸ்காரங்க என் கடைக்குள்ள ரோடு போடுறாங்க. நீ சொல்லித்தானாமே?"

அவள் ஓடினாள். கடை வாசலில் நாத்தனார் கழுத்தில் அளவு டேப்போடும் கையில் கத்தரிக்கோலோடும் நின்றிருந்தார். உள்ளே சாலைப் பிரிவு மேஸ்திரி, கோடு போடும் தள்ளுவண்டியைக் குழந்தையை நடக்க வைப்பது மாதிரிப் பதமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். தெரு நடுவிலிருந்து வந்த வெள்ளைக் கோடு வாசற்படி ஏறி, வெளிர் நிறத் தரையில் நீண்டு, தையல் மெஷினின் காலருகே போய் நின்றது.

"அம்மா, இந்த மெஷினக் கொஞ்சம் நகர்த்தினீங்கன்னா…" என்றார் மேஸ்திரி.

"மேஸ்திரி, என்ன பண்றீங்க! இது கடை!"

"கடைதான் மேடம், எனக்கும் கண்ணு இருக்கு. ஆனா படத்துல ரோடு." மடித்து வைத்திருந்த தாளை விரித்துக் காட்டினார். அவள் அச்சிட்ட அதே தாள். கீழே பொறியாளரின் பச்சைக் கையெழுத்து, வட்ட முத்திரை. "நேத்து உங்க பிரிண்டர்லேர்ந்துதான் எடுத்தேன். கோடு போட படம் குடுங்கன்னு போன வாரமே கேட்டிருந்தேன்ல? சார் கையெழுத்துப் போட்டுட்டார்."

"அவரு பார்த்தாரா?"

"கையெழுத்துப் போட்டார்னு சொன்னேன்."

அதற்குள் உதவிக்கு வந்த இரண்டு ஆட்கள், கல்யாண வீட்டுக் கட்டிலைத் தூக்குவது போல மெஷினை மரியாதையாகத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். கோடு பின்கதவு தாண்டித் தெருவின் மறுபாதியைச் சேர்ந்தது. போகும்போது மேஸ்திரி, "ரெண்டு மணி நேரம் மிதிக்காதீங்க, காயணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேப் மேடம் நேரே பொறியாளர் அறைக்குப் போனாள். பழைய பதிப்பில் எடுத்த சரியான வரைபடத்தையும் கொண்டுபோயிருந்தாள். பொறியாளர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நிதானமான மனிதர். கோபமே வராது. அதுதான் அவரிடம் இருந்த ஆபத்து.

"இதுல எது புதுப் பதிப்பு?"

"கோணலா இருக்குறது சார்… அதாவது நேரா இருக்குறது. ஆனா அது இன்னும் சோதனையில இருக்கு."

"புதுசா இருக்குல்ல?"

"இருக்கு சார்."

"புதுசு வந்தப்புறம் பழசுல கையெழுத்துப் போட்டா தணிக்கையில என்னைக் கேப்பாங்களா, உங்களைக் கேப்பாங்களா? புதுப் பதிப்புல மாறட்டும், மாத்திடலாம்."

மறுநாள் நாத்தனாருக்கு நோட்டீஸ் வந்தது. பொதுச் சாலையில், போக்குவரத்துக்கு இடையூறாக, சக்கரமுள்ள பொருள் ஒன்றை நிறுத்தியிருப்பதாக. மெஷினின் மிதிசக்கரத்தைத்தான் சொல்லியிருந்தார்கள். நாத்தனார் அதை மூன்று தரம் படித்தார். பிறகு தம்பிக்குப் போன் செய்து, "உன் பொண்டாட்டி என் மெஷின லாரி ஆக்கிட்டா" என்றார். இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளமாய் அன்றைக்கு முழுக்க அவன் யாருக்கும் போனே எடுக்கவில்லை.

மென்பொருள் எழுதுபவர்களிடமிருந்தும் பதில் வந்தது. எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்று தெரியாது. தன் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆந்தையை வைத்திருப்பார். மேப் மேடம் அவரை ஆந்தை என்றே மனசுக்குள் அழைத்து வந்தாள். 'எங்களிடம் இப்படி வரவில்லை. விவரம் தேவை' என்று எழுதியிருந்தார். அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. விபரீதம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியட்டும் என்று கடையைப் படமெடுத்து அனுப்பினாள். தரையில் வெள்ளைக் கோடு, பின்னணியில் இடுப்பில் கை வைத்த நாத்தனார்.

ஒரு மணி நேரத்தில் பதில்.

'அழகான படத்துக்கு நன்றி. கோடு கடைக்குள்தான் போகிறது என்பது தெளிவாகத் தெரிகிறது. அப்படியானால் வரைபடமும் தரையும் ஒத்துப்போகின்றன. இது பிழை அல்ல. முடித்துவைக்கப்பட்டது.'

அவள் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தாள். ஏற்கெனவே ஒப்புக்கொள்ளாத மூன்றோடு இது நான்காவது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை இந்தப் பதிப்பு உலகம் முழுக்கப் போகும். எத்தனை ஊரில் எத்தனை முழங்கைத் தெருவோ, எத்தனை நாத்தனாரோ!

இதற்கிடையில் கடையில் வேறு கதை நடந்தது. கோடு இருந்தால் வழி இருக்கிறது என்றுதானே பொருள்? புதன்கிழமை ஒரு சைக்கிள்காரர் மணியடித்துக்கொண்டே உள்ளே நுழைந்து, "இடது பக்கம்தானே போகணும்?" என்று கேட்டு, பின்கதவு வழியாகப் போனார். பிறகு பால் வண்டிக்காரர். பிறகு பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் இருபது பேர் வரிசையாக. நாத்தனார் முதலில் கத்தினார். பிறகு கதவைச் சாத்தினார். பொதுச் சாலையை மறித்ததாக இரண்டாவது நோட்டீஸ் வந்ததும் திறந்துவிட்டார். வியாழக்கிழமை காலை பழைய துணிகளை உருட்டிக் கட்டி நடுவில் ஒரு வேகத்தடை போட்டார். மத்தியானம் அளவு டேப்பை நீட்டி மறித்து, மூத்தவர்களை முதலில் விட்டு, சைக்கிள்காரர்களைக் காக்க வைத்தார். காத்து நின்றவர்களின் கால்சட்டையைப் பார்த்து, "தையல் விட்டிருக்கு, குடுத்துட்டுப் போங்க" என்றார். கொடுத்துவிட்டுப் போனார்கள். எதைக் கட்டிக்கொண்டு போனார்கள் என்பது கேட்கக் கூடாத கேள்வி.

சனிக்கிழமை மேப் மேடம் மன்னிப்புக் கேட்கப் போனாள். கடையில் துணி மலை மாதிரிக் குவிந்திருந்தது. நாத்தனார் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அண்ணி, எப்படியாவது சரிபண்ணிடறேன்."

"வியாபாரத்துக்குக் குறைவில்ல. ஆனா ஒரு தையல் போடுறதுக்குள்ள ஒன்பது பேர் மணியடிக்கிறான். நிம்மதியா ஒரு தும்மல் போட முடியல." நாத்தனார் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார். "அது ஏன்டி என் கடைய மட்டும் பிடிச்சுது? மத்த தெருவெல்லாம் வளையலையா?"

"அதான் தெரியல. சின்ன வளைவ நேராக்கணும், பெரிய வளைவ விட்டுடணும். பத்துக்குக் கீழ இருந்தா சின்னதுன்னு சொல்லியிருந்தேன். இந்த வளைவு இருபத்தஞ்சு இருக்கு. விட்டிருக்கணும்."

"பத்துன்னா, எது பத்து?"

"என்ன எது?"

"போன மாசம் ஒருத்தர் சீட்டுல 'இடுப்பு முப்பத்தாறு'ன்னு எழுதி அனுப்பினார். இஞ்சுதான்னு தச்சேன். அது பையனோட பொம்மைக்காம், சென்டிமீட்டராம். அந்த பேன்ட்டுக்குள்ள அப்பனும் பொம்மையும் சேர்ந்து நிக்கலாம். நீ என்ன பத்து சொன்ன, அது என்ன பத்து கேட்டுச்சு?"

மேப் மேடம் வாயைத் திறந்தபடி நின்றாள். ஒரு சைக்கிள் மணியடித்தது. அவள் நகரவில்லை.

நகராட்சியின் தெருக் கோப்பு பழையது. அடிக் கணக்கில் இருந்தது. அவள் சொன்னது பத்து அடி. உலகத்தில் பெரும்பாலானவர்கள் மீட்டரில் வைத்திருப்பதால் புதுக் கருவி யாரையும் கேட்காமல் பத்து மீட்டர் என்று எடுத்துக்கொண்டிருந்தால்? பத்து மீட்டர் என்றால் முப்பத்து மூன்று அடி. இருபத்தைந்து அடி வளைவு அதற்குச் சின்னதுதான். ஊரில் மற்ற வளைவுகள் எல்லாம் பத்தடிக்குக் கீழே, அல்லது ஐம்பதுக்கு மேலே. நடுவில் மாட்டியது நாத்தனார் மட்டும்.

"அண்ணி!" என்று நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள்.

"ஊசி, ஊசி!" என்று கத்தினார் நாத்தனார்.

அவள் அப்படியே வண்டியேறி அலுவலகம் போனாள். இந்தத் தரம் படம் எதுவும் அனுப்பவில்லை. கடையும் இல்லை, தெருவும் இல்லை, மூன்றே மூன்று புள்ளிகள். நடுப்புள்ளி இருபத்தைந்து அடி தள்ளி. அடிக் கணக்கில் சேமித்து, பத்து கொடுத்து ஓட்டினால் நடுப்புள்ளி காணாமல் போகிறது, அதையே மீட்டராக மாற்றி மூன்று மீட்டர் கொடுத்து ஓட்டினால் நிற்கிறது. சிவப்பு எழுத்து அச்சாகாததைப் பற்றியும் ஒரு வரி சேர்த்து அனுப்பிவிட்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஆந்தையிடமிருந்து ஒற்றை வரி வந்தது. 'ஐயையோ.' அவர் மொழியில் வேறு ஏதோ எழுதியிருந்தார். ஆனால் அதன் பொருள் அதுதான். பிழையை மறுபடி திறந்தார்கள். வெளியீட்டை ஒரு வாரம் தள்ளி, இரண்டாவது மாதிரியை விட்டார்கள். கண்டுபிடித்தவர் பெயர் என்ன போடுவது என்று கேட்டார் ஆந்தை. அவள் யோசித்து, 'ஒரு தையல்காரரும் அவர் தம்பி மனைவியும்' என்று எழுதினாள்.

இரண்டாவது மாதிரியில் தெரு மறுபடியும் முழங்கையை மடக்கிக்கொண்டது. சிவப்பு எழுத்தும் அச்சாயிற்று. அதை எடுத்துவிட்டு இன்னொரு முறை அச்சிட்டு, கையோடு பொறியாளரிடம் கொண்டுபோனாள்.

"இதுதான் புதுசா?"

"அதைவிடப் புதுசு சார்."

கையெழுத்து விழுந்தது. பழைய கோட்டை அழிக்கும்படி மேஸ்திரிக்கு உத்தரவு போயிற்று. அடுத்த நாள் காலை மேஸ்திரி அதே தள்ளுவண்டியோடு கடைக்கு வந்தார். 'வெள்ளைக் கோட்டின் மேல் சாலையின் நிறத்தைப் பூசிச் சரிசெய்க' என்று உத்தரவில் எழுதியிருந்தது. சாலையின் நிறம் கறுப்பு. அவர் உத்தரவுப்படி வாசலில் ஆரம்பித்துப் பின்கதவு வரைக்கும், விளிம்பு பிசகாமல், வெளிர் நிறத் தரையில் பட்டையாகத் தார்க் கறுப்பைப் பூசிவிட்டு, "ரெண்டு மணி நேரம் மிதிக்காதீங்க" என்றார்.

நாத்தனார் அதைத் தலை சாய்த்துப் பார்த்தார். மேஸ்திரியோடு கூடவே வந்திருந்த மேப் மேடம் நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள்.

"வெள்ளையே தேவலாம்" என்றார் நாத்தனார்.

"இன்னொரு தடவை எழுதிக் குடுக்கட்டுமா, அண்ணி?"

"வேண்டாம், தாயே! நீ ஒண்ணும் எழுதாத." துணி வெட்டும் மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பக்கம் பிடி. காஞ்சதும் இதை இழுத்து அது மேல போட்டுடலாம். அப்புறம் உன் புருஷனை வரச் சொல்லு, பட்டன் தச்சுத் தர்றேன். நீ தைக்கிற மாதிரி தெரியல."