கொண்டியில் மாட்டாத பூட்டு

எங்கள் தெருவில் என் தம்பிக்கு விருந்தாளி என்று பெயர். வருவான், கொஞ்ச நாள் இருப்பான், போய்விடுவான். போவது சிறைக்கு. "அவனுக்குச் சொந்த வீடு அதுதான், அக்கா வீட்டுக்கு அப்பப்போ வந்து போறான்" என்று எதிரே இருக்கும் செருப்புக் கடைக்காரர் என் காதுபடவே சொல்வார். நானும் சிரித்து வைப்பேன். அழுதால் மட்டும் அவன் திருந்திவிடப் போகிறானா?

கெட்டிக்காரத் திருடன் என்றாலாவது ஒரு பெருமை இருக்கும். அதுவும் இல்லை. பூட்டிய கடையை உடைத்து உள்ளே போவான், ஓடவே மாட்டான். ஒவ்வொரு முறையும் கடைக்குள்ளேயே பிடிபட்டான். இப்படி ஒரு மக்குத் திருடனைப் பார்த்ததே இல்லை என்று ஒரு போலீஸ்காரர் என்னிடமே சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். போன தடவை நீதிபதி கறாராகச் சொல்லிவிட்டார்: இன்னொரு முறை இந்தக் கூண்டில் நின்றால், தலை நரைத்த பிறகுதான் வெளியே வருவாய். எனக்கென்று மிச்சம் இருப்பது அவன் ஒருத்தன். எனவே இந்த முறை அவன் பையோடு வந்து நின்றபோது, இவனை எப்படியும் காப்பாற்றியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

நான் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறேன். வீட்டின் முன்னறைதான் கடை. அவனையும் ஒரு மேசையில் நிறுத்தினேன். நல்ல கை அவனுக்கு. காலரை முனையிலிருந்து நடுவை நோக்கித் தேய்ப்பான், ஒரு சுருக்கம் விழாது. சிறையில் அதிகாரிகளின் உடுப்பைத் தேய்த்துப் பழகிய கை. வாடிக்கையாளர்கள் அவன் தேய்த்ததைத்தான் கேட்டு வாங்கினார்கள். எனக்கு ஒரு பக்கம் பொறாமை, ஒரு பக்கம் பெருமை.

ஆனால் கதவு விஷயத்தில் மட்டும் அவன் ஒரு மாதிரி. சாத்தியிருக்கும் கதவை அவனாகத் திறக்க மாட்டான், முன்னால் போய் நிற்பான். கழிப்பறைக் கதவானாலும் அதே கதைதான். "என்னடா, ராஜாவுக்குக் கதவு திறக்க ஆள் வரணுமா?" என்று கேட்டால் திடுக்கிட்டுத் தள்ளிக்கொண்டு போவான்.

பொழுது சாய்ந்தால் இன்னும் மோசம். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நகத்தைக் கடிப்பான். வாசலுக்கும் சமையலறைக்குமாக நடப்பான்.

"என்னடா தேடுற?"

"ஒண்ணுமில்லக்கா. யாரோ வரப்போற மாதிரி இருக்கு."

"யாரு?"

"தெரியல."

அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

எங்கள் அப்பா ஆலை வேலை முடிந்து பொழுது சாயும் நேரத்தில்தான் வருவார். செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்தால் அன்று குடித்திருக்கிறார் என்று அர்த்தம். அம்மா இல்லாத வீடு. அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே நான் தம்பியைச் சாமான் அறைக்குள் தள்ளி வெளியே பூட்டிவிடுவேன். சாவியை வாய்க்குள் போட்டுக்கொள்வேன். அப்பா பெல்ட்டோடு வந்து கதவை உதைப்பார், பூட்டு அசையாது. பிறகு என் பக்கம் திரும்புவார். வாயில் சாவி இருந்ததால் என்னால் கத்த முடியாது. உள்ளே இருந்தவனுக்கு என் சத்தம் ஒருநாளும் கேட்டதில்லை. எல்லாம் அடங்கியபின் திறந்து பார்த்தால் கோணிமேல் சுருண்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பான்.

அப்பா செத்து எத்தனையோ காலம் ஆகிறது. பொழுது மட்டும் தினமும் சாய்கிறது.

ஒருநாள் மாலை தேய்த்த துணியைக் கொடுத்துவிட்டு வரக் கிளம்பினேன். தனியாகவே இருந்து பழகியவள் அல்லவா, அவன் உள்ளே இருப்பது மறந்தே போய், கை பாட்டுக்கு வாசல் கதவைப் பூட்டிவிட்டது. பாதி வழியில் நினைவு வந்தது. அடித்துப் பிடித்து ஓடிவந்து திறந்தேன். தம்பி மேசைக்கு அடியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். எழுந்தவன் முகத்தில் அத்தனை தெளிவு.

"அக்கா, நாளைக்கும் பூட்டுறியா?" என்று கேட்டான்.

அவனே ஸ்க்ரூ டிரைவர் வாங்கிவந்து, தன் அறைக் கதவின் வெளிப்பக்கம் கொண்டியும் நிலையில் வளையமும் பொருத்தினான். மாலை சாப்பிட்டதும் உள்ளே போவான். நான் கொண்டியை வளையத்தில் போட்டுப் பூட்டை மாட்டுவேன். 'டக்' என்று கேட்டதும் உள்ளே கட்டில் கிறீச்சிடும். காலையில் திறப்பேன். இதில் என்ன பைத்தியக்காரத்தனம் என்று எவளாவது கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். மழைக்காலம் போய் வெயில் வந்தது, வெயில் போய் மறுபடி மழை வந்தது, என் தம்பி வீட்டில் இருந்தான். நகம்கூட வளர்ந்திருந்தது.

சிறையிலிருந்து வந்தவன் என்பதால் அவனைக் கண்காணிக்க ஒரு பெண் அதிகாரி வருவார். சின்னப் பெண். கொண்டியைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னக்கா இது? தீப்பிடிச்சா என்ன செய்வீங்க? இதுவும் ஜெயில்தானே?"

"ஜெயில்ல இருந்தா நீங்க சோறு போடுவீங்க, இங்க நான் போடுறேன். அவ்வளவுதான்" என்றேன் எரிச்சலோடு.

அவர் கோபப்படவில்லை. அப்பாவைப் பற்றியெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "உங்க தம்பிக்குப் பூட்டுன்னா பாதுகாப்பு. கடையை உடைக்கிறதும் அதுக்குத்தான்னு நினைக்கிறேன், யாராவது வந்து உள்ள வச்சுப் பூட்டட்டும்னு. இதை விடணும்க்கா, ஆனா மெதுவா. முதல்ல கொண்டி மட்டும், அப்புறம் அதுவும் வேண்டாம். எதுன்னாலும் அவர்கிட்ட சொல்லிட்டுச் செய்யுங்க. ஏமாத்தாதீங்க."

யோசனை நல்ல யோசனைதான். சொல்லிவிட்டுச் செய்வதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. சொன்னால் காரியம் கெட்டுப்போகும் என்று பட்டது. ஆகவே என் வழியில் செய்தேன். கொண்டியைத் தொங்கவிட்டு, பூட்டை வெறும் வளையத்தில் மாட்டி 'டக்'கென்று அமுக்கினேன். கதவு சும்மா சாத்தியிருந்தது, ஒரு விரலால் தள்ளினால் திறக்கும். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. மறுநாளும் அப்படியே. அதற்குப் பிறகு ஒருநாளும் நான் உண்மையாகப் பூட்டவில்லை.

ஒருநாள் காலை அந்த அதிகாரி வந்து, தம்பி இப்படியே இருந்தால் இனி மாதாமாதம் தன் அலுவலகத்துக்குக் கையெழுத்துப் போட வரவேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாக்கு நின்ற இடத்தில் நிற்கவில்லை.

"விருந்தாளி சார், உங்களுக்கு ஒரு சேதி தெரியுமா? மழை ஆரம்பிச்சதுலேருந்து நான் உன்னைப் பூட்டவே இல்லடா! சும்மா வளையத்துல மாட்டிச் சத்தம் மட்டும் போட்டேன். திறந்த அறையிலதான் துரை தூங்கியிருக்கீங்க!"

சிரிப்பான் என்று நினைத்தேன். பெட்டி சட்டைமேல் அப்படியே நின்றது. துணி கருகும் வாசனை வந்தது. அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"அப்ப... இத்தனை நாளும் யார் வேணும்னாலும் உள்ள வந்திருக்கலாமாக்கா?"

"யாருடா வரப்போறா? அந்த மனுஷன் செத்துப் புல் முளைச்சாச்சு!"

அவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கினேன்.

அன்று மாலை கொண்டியை ஒழுங்காகப் போட்டு, அவன் கையாலேயே இழுத்துப் பார்க்கச் சொல்லி, அதன் பிறகு பூட்டினேன். கட்டில் கிறீச்சிடவில்லை. உள்ளே நடக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டி, "நெசமாவே போட்டிருக்கியாக்கா?" என்றான். ஆமாம் என்றேன். மறுபடி தட்டினான். என் தலைமேல் சத்தியம் என்றேன். மறுபடி தட்டினான். ஒருமுறை ஏமாற்றியவள் வாயால் வரும் சத்தியத்துக்கு என்ன மதிப்பு? நான் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் பொழுது சாயும்போது வாடிக்கையாளரோடு பேசிவிட்டுத் திரும்பினேன். தம்பியைக் காணவில்லை.

செருப்புக் கடைக்காரர் அன்று சீக்கிரமே அடைத்துவிட்டுப் போயிருந்தார். ஷட்டர் பூட்டு உடைந்து கிடந்தது, ஷட்டர் உள்ளிருந்து இழுத்து மூடியிருந்தது. போலீஸ்காரர்கள் வந்து ஷட்டரைத் தூக்கினார்கள். என் தம்பி டப்பாக்களுக்கு நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைக்காரர் சுற்றிப் பார்த்துவிட்டு, "எதுவும் போகல சார். விழுந்த டப்பாவைக்கூட அடுக்கி வச்சிருக்கான். விட்டுடுங்களேன்" என்றார். வாழ்நாளில் அவர் அவனுக்காகப் பேசியது அன்றுதான். உடைத்தது உடைத்ததுதான் என்றுவிட்டார்கள். நீதிபதியும் தாம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

சிறையில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். சதை போட்டிருந்தான். கண்ணுக்கடியில் கருப்பில்லை. எள்ளும் கொள்ளும் வெடிக்கத் திட்டித் தீர்க்க வேண்டும் என்றுதான் போயிருந்தேன்.

"சாப்பிட்டியாக்கா?" என்றான். பிறகு என்னைத் தேற்றுகிற மாதிரி சொன்னான்: "கவலைப்படாதே. இங்க பூட்டுறவங்க நெசமாவே பூட்டுறாங்க."

என் வாயெல்லாம் அந்தப் பழைய சாவியின் இரும்பு ருசி.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. விளக்கைப் போட்டேன். தெருமுனையில் யாரோ செருப்பைத் தேய்த்துத் தேய்த்து வருவது கேட்டது. யாராவது வழிப்போக்கராக இருக்கும். எத்தனை மாலைகள் இதே நேரத்தில் பயப்படாமல் இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. காப்பாற்ற ஒருவன் உள்ளே இருக்கும்வரை எனக்குப் பயப்பட நேரம் இருந்ததில்லை.

தம்பியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். அது கிறீச்சிட்டது. செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. கொண்டி வெளிப்பக்கம் இருக்கிறது. அதைப் போட எனக்கு ஆளில்லை.